அம்மாவின் தோளுக்கு எந்த மசாஜ்?

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், வயது 27. அம்மாவுக்கு 52. காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் உட்கார்ந்து விற்கிறார். இரண்டு வருடமாகக் கழுத்து, தோள்பட்டை, இடுப்பு எல்லாம் வலி. சர்க்கரையும் இருக்கிறது. ஆபீஸில் எனக்கு ஒரு மசாஜ் கூப்பன் கொடுத்தார்கள். ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, தாய் (தாய்லாந்து) மசாஜ் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமாம். அதை அம்மாவுக்குக் கொடுக்க ஆசை. அவரோ "நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்ச்சா போதும்" என்கிறார். அப்பா சலூனில் கழுத்தை முறித்துக்கொண்டு வந்து அதுதான் மருந்து என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அன்புச் சகோதரி, மூன்று பேரில் உங்கள் அம்மாதான் சரிக்கு மிக அருகில் இருக்கிறார்.

முதலில் அவர் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஐஸ் போட்ட கூடையைத் தூக்குகிறார். அப்புறம் மணையில் குந்தி, தலையைக் குனிந்தபடியே மணிக்கணக்காக மீன் அரிகிறார். கழுத்திலிருந்து தோளுக்கு இறங்குகிற பட்டையான சதைக்கு நாள் முழுக்க ஓய்வே கிடைப்பதில்லை. அதை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். நடுவில் புளியங்கொட்டை மாதிரி ஒரு முடிச்சு தட்டுப்படும், அழுத்தினால் வலி காதுக்குப் பின்னால் வரை ஏறும். "வாயு பிடிச்சிருக்கு" என்று நம் வீடுகளில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

கூப்பனில் உள்ள பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஸ்வீடிஷ் என்பது நீளமாக நீவுவது, பிசைவது, தேய்ப்பது, தட்டுவது, அதிர வைப்பது, அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டில் இவற்றை வகைப்படுத்தியவராகச் சொல்லப்படுபவர் நெதர்லாந்து மருத்துவர் மெஸ்கர். நம் சித்த மருத்துவத்தில் இந்தக் கலைக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று 9 வகை சொல்கிறார்கள். "கொஞ்சம் அமுக்கி விடு, அப்படியே உருவி விடு" என்று அம்மா கேட்பதும் இதே கைவேலையைத்தான். அவர் கேட்கும்போது பழைய பழக்கம் என்று தள்ளிவிடாதீர்கள்.

டீப் டிஷ்யூ வேறு. முழங்கை, விரல் முட்டி வைத்து மெதுவாக, ஆழமாக அழுத்துவார்கள். இறுகிப்போன முடிச்சுக்கு உதவும், ஆனால் ஓரிரு நாள் உடம்பு வலிக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இது வேண்டாம் என்பேன். நரம்பு மரத்திருந்தால் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று அவருக்கே தெரியாது. அதே காரணத்துக்காகச் சூடான கிழி ஒத்தடத்திலும் ஜாக்கிரதை. பாதம் வெந்த பிறகுதான் வெந்ததே தெரியவரும்.

தாய் மசாஜ் எண்ணெய் இல்லாமல், உடுப்போடு, தரையில் மெத்தை விரித்துச் செய்வது. கை காலை மடக்கி, நீட்டி, இழுத்து விடுவார்கள். 2019ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிற உங்களுக்கு இது பொருந்தலாம். கூப்பனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. எந்த மசாஜாக இருந்தாலும் "உடம்பில் உள்ள நச்சை வெளியேற்றும்" என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

பலன் நிஜமாகவே உண்டா? உண்டு, ஆனால் அளவோடு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பே சூட்டு ஒத்தடம், மசாஜ் போன்றவற்றை முயன்று பார்க்கச் சொல்கிறது. நாள்பட்ட வலி என்றால் அதன் பட்டியலில் முன்னால் நிற்பது உடற்பயிற்சி. இருபது வருடத்துக்கு மேல் பிசியோதெரபி செய்த எனக்கும் இதுதான் அனுபவம். மசாஜ் கொடுப்பது இரண்டு மூன்று நாள் இளக்கம். அந்த நாட்களில் தோளையும் இடுப்பையும் பழக்கினால்தான் பலன் நிற்கும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். என் அப்பா நீண்ட ரயில் பயணம் போய்வந்த பிறகு இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கியது. தொட்டால் சூடு. நரம்பு பிசகியிருக்கிறது என்று தெரிந்த ஒருவரை அழைத்து எண்ணெய் போட்டு நீவிவிட்டோம். மூன்றாம் நாள் மூச்சுத் திணறல். காலில் கட்டியிருந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருந்தது. பிழைத்துக்கொண்டார். அன்று நான் படிப்பை முடித்திருக்கவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் கையே வைக்காதீர்கள், நேராக மருத்துவமனைதான். இடுப்பு வலியோடு தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அதேதான். காய்ச்சல், தோலில் புண், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவது, இப்படி எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் மசாஜ் வேண்டாம்.

இப்போது வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். வியாபாரம் முடித்து, குளித்து வந்த பிறகு அம்மாவை மேஜைக்கு எதிரே உட்கார வைத்து, தலையணையில் நெற்றியைச் சாய்க்கச் சொல்லுங்கள். இரண்டு கரண்டி நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பாருங்கள். கழுத்தின் பின்பக்கத்திலிருந்து தோள் முனை வரை உள்ளங்கையால் மெதுவாகப் பத்து முறை நீவுங்கள். பிறகு தோள் சதையைச் சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி பிடித்துப் பிடித்து விடுங்கள். முடிச்சு வந்ததும் கட்டைவிரலை வைத்து அப்படியே நிறுத்துங்கள், தேய்க்க வேண்டாம். "வலிக்குது, ஆனா நல்லா இருக்கு" என்று சொல்கிற அளவுதான் அளவு. மூச்சைப் பிடித்தாலோ தோளைத் தூக்கினாலோ அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். முக்கால் நிமிடம் போதும், விரலுக்கடியில் சதை இளகுவது தெரியும். முதுகெலும்பு மேலும் கழுத்தின் முன்பக்கமும் கை போகக் கூடாது. மொத்தம் பதினைந்து நிமிடம், வாரம் மூன்று நாள்.

முடிந்த கையோடு தோளைக் காது வரை உயர்த்தி இறக்கச் சொல்லுங்கள், பத்து தடவை. மணைக்குப் பதில் ஒரு குட்டை ஸ்டூல், ஒரு பெரிய கூடைக்குப் பதில் இரண்டு சின்னக் கூடை. இதை மாற்றாமல் முதுகை மட்டும் பிடித்துவிட்டால் ஓட்டைப் படகில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற கதைதான். ஒரு மாதத்தில் குறையவில்லை, அல்லது கை மரத்துப்போகிறது என்றால் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், உங்களுக்குப் பக்கம்தான். முறையான தொக்கணம் வேண்டுமென்றால் அரும்பாக்கத்திலும் தாம்பரம் சானடோரியத்திலும் அரசு சித்த மருத்துவமனைகள் இருக்கின்றன.

அப்பா விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கழுத்து எலும்புகளின் துளைகள் வழியாக இரண்டு ரத்தக்குழாய்கள் மூளைக்குப் போகின்றன. கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான், ஆனால் அந்த 'டக்' சத்தத்துக்காக அவ்வளவு பெரிய ஆபத்தைத் தொட வேண்டாம். தலையில் எண்ணெய் வைத்துத் தட்டிவிடுவது இருக்கட்டும், சுகமானது. அடுத்த முறை சலூன் நாற்காலியில் உட்காரும்போதே "தம்பி, கழுத்தைத் திருப்பாதே" என்று சொல்லிவிடச் சொல்லுங்கள்.