கான்பூர் ஆவ்ரோ - ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் சின்னமனூர். 1971 டிசம்பரில் மேகமலையில் விழுந்த விமானத்தைப் பற்றித் தாத்தா அடிக்கடி சொல்வார். தேடிப் பார்த்ததில் அது ஆவ்ரோ 748 என்று தெரிந்தது. சீரிஸ் 1, 2, 2ஏ, 2பி, ஆண்டோவர், ஏடிபி என்று பட்டியல் நீள்கிறது. ஒரே விமானத்தை நம்பர் மாற்றி மாற்றி விற்றிருக்கிறார்களோ? விழுந்தது எந்த வகை? கான்பூரில் ஸ்க்ரூ முடுக்கி அனுப்பிய விமானம், அதனால்தான் விழுந்தது என்கிறான் என் நண்பன். உண்மையா?

ச., சின்னமனூர்

அன்புள்ள ச.,

விழுந்தது சீரிஸ் 2. இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், டிசம்பர் 9 அன்று மதுரைக்கு வந்துகொண்டிருந்தது. இறங்கி வரும்போது மலையில் மோதியது. உள்ளே இருந்த 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். கான்பூர் தொழிற்சாலையில் கட்டியதுதான், ஆனால் எதுவும் கழன்று விழவில்லை. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

நம்பர் விஷயத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. 2ஏ என்றால் பலமான டார்ட் எஞ்சின், 2பி என்றால் இறக்கை கொஞ்சம் நீளம். ஆண்டோவர் ராணுவத்துக்கானது. பின்பக்கம் சரிவுக் கதவு வைத்து, வண்டியை ஏற்றுவதற்காக ஒட்டகம்போல மண்டியிடும் சக்கரங்களோடு செய்தார்கள். ஏடிபி 1986ல் வந்த நீண்ட உடம்புக்காரன், அதிகம் விற்கவில்லை. ஓர் ஊரின் வெயிலும் ஓடுபாதையும் கேட்டதைத்தான் அடுத்த நம்பரில் கொடுத்தார்கள். இதில் ஏமாற்று எங்கே வந்தது?

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது 'ஸ்க்ரூ முடுக்கி' என்ற சொல். வந்த பாகங்களைச் சேர்த்து முடுக்கியதுதான் கான்பூர்க்காரர்கள் வேலை என்று அர்த்தம். நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மறுத்து ஒரு வார்த்தைகூட நீங்கள் எழுதவில்லையே.

போன மாதம் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடியில் உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு ஒன்று. இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஆறு ரிவெட் அடித்திருந்தது. ரிவெட் என்றால் தகடுகளைப் பிணைக்கும், முனை நசுக்கிய உலோக ஆணி. கான்பூரில் கை பழகுவதற்காக அவர் அடித்தது. 60 வருஷத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வாரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

அப்பா விமானப்படையில் சேர்ந்து 22 வயதில் கான்பூருக்குப் போனவர். ஒல்லியான, குள்ளமான ஆள். அதனால் இறக்கைக்குள் நுழையும் வேலை அவருக்கு. ரிவெட் அடிப்பது ஒருவர் வேலை இல்லை. வெளியே ஒருவர் துப்பாக்கிபோன்ற கருவியால் அடிக்க, உள்ளே இன்னொருவர் கனத்த இரும்புக் கட்டையை மறுமுனையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. தகட்டைத் தட்டித்தான் பேச்சு. சரியாக விழுந்தால் ஒரு தட்டு, அடுத்ததற்குப் போகலாம். சரியில்லை என்றால் இரண்டு தட்டு, அதைத் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். மே மாதக் கான்பூர் வெயிலில், தகரக் குகைக்குள் படுத்துக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் அந்தச் சத்தம். அப்பாவுக்கு இடது காது கடைசிவரை சரியாகக் கேட்கவில்லை. நாங்கள் வலது பக்கம் உட்கார்ந்துதான் பேசுவோம்.

இதையா முடுக்கினார்கள் என்கிறீர்கள்?

ஒரு ரிவெட்டுக்கு ஏன் இத்தனை பாடு? 1954ல் காமெட் என்ற பிரிட்டிஷ் பயணிகள் ஜெட்டுகள் இரண்டு அடுத்தடுத்து நடுவானில் உடைந்தன. திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கி உலோகம் சோர்ந்து விரிசல் விட்டதுதான் காரணம். அந்த அடிக்குப் பிறகு வரைந்த விமானம் ஆவ்ரோ. ஓர் இடத்தில் விரிசல் விட்டால் பக்கத்துப் பாகம் சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் கணக்கு. வரைந்தது இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த ஆவ்ரோ கம்பெனிக்காரர்கள், சரி. அந்தக் கணக்கை உலோகத்தில் நிஜமாக்கியது கை. பக்கத்துப் பாகம் சுமையை வாங்க வேண்டுமென்றால் அங்கே ரிவெட் ஒழுங்காக இருக்க வேண்டுமே. காகிதம் மான்செஸ்டரிலிருந்து வரும், கவனம் வருமா?

முதல் ஆவ்ரோ இங்கிலாந்தில் பறந்தது 1960 ஜூன் 24. கான்பூரில் கட்டிய முதலாவது 1961 நவம்பர் 1 அன்று பறந்துவிட்டது. அதற்குச் 'சுப்ரதோ' என்று பெயர், இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் நினைவாக. விமானப்படை அதிகாரி ஹர்ஜிந்தர் சிங் தலைமையில் இதைச் செய்தார்கள். அவரே கடைநிலைச் சிப்பாயாக விமானப்படையில் நுழைந்து ஸ்பேனர் பிடித்து மேலே வந்தவர். முதலில் வந்தவை இங்கிலாந்துப் பாகங்கள்தான், மறைக்க ஒன்றுமில்லை. அப்புறம் வருஷத்துக்கு வருஷம் இங்கே செய்த பாகங்கள் கூடின. டார்ட் எஞ்சினைப் பெங்களூரில் செய்தார்கள். விமானப்படைக்காகப் பெரிய சரக்குக் கதவு வைத்த வகையையும் கான்பூரில் கட்டினார்கள். மொத்தம் 89 விமானங்கள். விமானப்படையின் ஆவ்ரோக்களுக்குப் பதிலாக சி-295 என்ற 56 போக்குவரத்து விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டது 2021ல். எத்தனை வருஷம் உழைத்திருக்கின்றன, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் பட்டியலில் ஓர் ஆவ்ரோ விட்டுப்போயிருக்கிறது. முதுகில் பெரிய வட்டத் தட்டுபோல ரேடார் கூடு சுமந்த ஒன்று. வானத்திலிருந்து கண்காணிக்கும் விமானத்தை நாமே உருவாக்குவதற்கான சோதனை அது. 1999 ஜனவரி 11 அன்று அரக்கோணம் பக்கத்தில் விழுந்தது. விஞ்ஞானிகளும் விமானப்படையினருமாக எட்டுப் பேர் இறந்தார்கள். செய்தி கேட்டதும் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இரவு வெகுநேரம் கழித்து, "இறக்கை தாங்குச்சாமா?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

உங்கள் தாத்தா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்காருங்கள். பத்துப் பேர் பிழைத்திருக்கிறார்கள். அவர்களை யார் கீழே கொண்டுவந்தது, எந்தப் பாதையில், எஸ்டேட் ஆட்களா, ஊர்க்காரர்களா? கேட்டு எழுதி அனுப்புங்கள். நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.