பெயரை நீக்கிவிட்டார்கள், சந்தா மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது

கேள்வி: சேலத்தில் ஒரு டிப்போவில் நடத்துனராக இருக்கிறேன். 22 வருட சர்வீஸ். சங்கச் சந்தா மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்தமாகிறது. அது போக, குடும்ப நல நிதி என்று மாதம் 100 ரூபாயைக் கையில் வாங்கி அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். 16 வருஷமாகக் கட்டுகிறேன். 2019க்குப் பிறகு எங்கள் கிளையில் தேர்தலும் நடக்கவில்லை, பேரவையும் கூட்டவில்லை, கணக்கும் படிக்கவில்லை. ஓய்வு பெற்ற ஓட்டுநர் ஒருவருக்கு நிதியிலிருந்து தர வேண்டிய பணம் எட்டு மாதமாகத் தரப்படவில்லை என்று தெரிந்து, வாட்ஸ்அப் குழுவில் 'பணத்தைச் சுருட்டிட்டாங்க' என்று எழுதினேன். குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜனவரியில் சங்கத்திலிருந்தே என்னை நீக்கியதாக டிப்போ நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். மூன்றே வாரத்தில் ஏற்காடு ரூட்டில் இருந்த என்னை வேறு டிப்போவுக்கு மாற்றி ஆர்டர் வந்தது. கிளைச் செயலாளர் மானநஷ்ட வழக்குப் போடுவேன் என்கிறார். போலீசுக்குப் போகவா, கோர்ட்டுக்குப் போகவா? பேசாமல் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு சங்கத்தில் சேர்ந்துவிடலாமா?

பதில்: அண்ணா, வணக்கம். நீங்கள் அனுப்பிய போட்டோக்களில் முதலில் உங்கள் பே ஸ்லிப்பைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். நீக்கல் நோட்டீஸ் ஜனவரியில் ஒட்டியிருக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதச் சம்பளத்திலும் சங்கச் சந்தா என்று பிடித்தம் இருக்கிறது. உங்கள் வழக்கில் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. நீங்கள் உறுப்பினரே இல்லை என்று செயலாளர் எந்த இடத்தில் சொன்னாலும், அப்படியானால் இந்தப் பணத்தை எந்தக் கணக்கில் வாங்கினீர்கள் என்ற கேள்வி அவரைத் துரத்திக்கொண்டே இருக்கும். அதனால் தயவுசெய்து சந்தாவை நிறுத்தாதீர்கள். சம்பளத்தில் சந்தா பிடிப்பது உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதத்தின் பேரில்தான், அதைத் திரும்பப் பெற உங்களுக்கு முழு உரிமை உண்டு, நாளைக்கே டிப்போ நிர்வாகத்தின் கிளை மேலாளரிடம் கடிதம் கொடுத்து நிறுத்தலாம், ஆனால் நிறுத்திய நாளிலிருந்து 'சந்தா பாக்கி வைத்தவர், தானாகவே விலகினார்' என்று எழுதிக்கொள்ள அவர்களுக்கு நீங்களே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். கணக்குக் கேட்கிற உரிமை உறுப்பினருக்குத்தான். வெளியே போய்விட்டால் அந்த உரிமையும் போச்சு.

அந்த உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. 1926ஆம் வருடத் தொழிற்சங்கச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, சங்கத்தின் கணக்குப் புத்தகங்களையும் உறுப்பினர் பட்டியலையும் எந்த உறுப்பினரும் பார்வையிடலாம் என்று சொல்லியது. நிதியைப் பத்திரமாக வைப்பது, வருடாந்திரத் தணிக்கை, உறுப்பினர் கணக்குப் பார்க்க வசதி, இதெல்லாம் சங்க விதிகளில் இருந்தால்தான் பதிவே கிடைக்கும். 2001 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகிகளின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதோடு சேர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பழைய பதிவு அப்படியே செல்லும், கணக்குப் பார்க்கிற உரிமையும் தொடர்கிறது. 'சட்டமே மாறிப்போச்சு, இப்ப எதுவும் கேட்க முடியாது' என்று யாராவது டீக்கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, யாரிடம் கேட்பது? இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். உங்கள் கிளை என்பது பெரும்பாலும் தனியாகப் பதிவு செய்த சங்கமாக இருக்காது, பதிவு மண்டல அளவிலோ மாநில அளவிலோ உள்ள தலைமைச் சங்கத்தின் பெயரில் இருக்கும். சந்தா ரசீதோ மாநாட்டு நிதி ரசீதோ பழசு ஏதாவது வீட்டில் இருக்கிறதா பாருங்கள். சங்கப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் பதிவு எண் அச்சடித்திருப்பார்கள். அந்த எண்தான் சாவி. கிளைச் செயலாளருக்கு மட்டும் கடிதம் எழுதினால் அது அவர் மேஜை டிராயரோடு முடிந்துவிடும். பதிவு அலுவலக முகவரியில் பொதுச் செயலாளருக்கும் பொருளாளருக்கும் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். கடிதம் ஒரு பக்கம் போதும். நான் இன்ன தேதி முதல் உறுப்பினர், என் சந்தா இன்ன மாதம் வரை பிடித்தமாகியிருக்கிறது, கிளைக் கணக்கையும் குடும்ப நல நிதிக் கணக்கையும் பார்வையிட நாள் குறித்துக் கொடுங்கள், என்னை நீக்கிய தீர்மானத்தின் நகலையும் எந்த விதியின் கீழ் நீக்கினீர்கள் என்பதையும் தாருங்கள், அவ்வளவுதான். கோபம், வசவு, பழைய கதை எதுவும் அதில் வேண்டாம்.

அதே வாரத்தில் ஒரு தகவல் உரிமை மனுவும் போட்டுவிடுங்கள். சங்கத்திடம் நேரடியாக ஆர்டிஐ போட முடியாது, அது பொது அதிகார அமைப்பு கிடையாது. ஆனால் ஒவ்வொரு பதிவு பெற்ற சங்கமும் தணிக்கை செய்த வரவு செலவு அறிக்கையையும் நிர்வாகிகள் மாற்றத்தையும் வருடா வருடம் தொழிற்சங்கப் பதிவாளருக்குக் கொடுத்தாக வேண்டும், அந்தப் பதிவாளர் தொழிலாளர் துறை அதிகாரி, அவரிடம் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, சங்கத்தின் விதிகள், கடைசி ஐந்து வருட ஆண்டறிக்கைகள், இப்போது பதிவில் உள்ள நிர்வாகிகள் பட்டியல் மூன்றின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தப்பான அலுவலகத்துக்குப் போட்டுவிட்டாலும் கவலை வேண்டாம், ஐந்து நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. 2019க்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை என்கிறீர்கள் இல்லையா, அந்த ஆண்டறிக்கைகளில் 'தேர்தல் நடந்தது' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா, குடும்ப நல நிதி என்ற தலைப்பு வரவில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மாதிரி எத்தனையோ சண்டைகளில் அந்த ஒரு தாள் கைக்கு வந்த பிறகுதான் பேச்சுவார்த்தையே ஆரம்பமாகியிருக்கிறது.

நீக்கல் நோட்டீஸுக்கு வருகிறேன். இரண்டே வரி. காரணம் இல்லை, தீர்மான எண் இல்லை, கீழே செயலாளர் கையெழுத்து மட்டும். சங்க விதிகள் உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் மாதிரி. அதில் சொன்ன முறையை விட்டுவிட்டு, குற்றச்சாட்டு என்னவென்று எழுதிக் கொடுக்காமல், விளக்கம் கேட்காமல் ஒருவரைத் தூக்கி வெளியே போட்டால் அது நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். இதற்கு எங்கே போவது என்றும் கேட்டிருந்தீர்கள். புதிய தொகுப்பின் 22ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. சங்கத்தின் நிர்வாகம், தேர்தல் பற்றி உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் தகராறு வந்தால் தொழில் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். உயர் நீதிமன்றத்தைத் தவிர வேறு சிவில் நீதிமன்றம் அதை எடுக்க முடியாது. ஆகவே அஸ்தம்பட்டியில் யாராவது 'முன்சீஃப் கோர்ட்டில் தடையாணை வாங்கித் தருகிறேன், ஃபீஸ் கொடு' என்றால் கொடுத்துவிடாதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி தொழிலாளி என்ற ஒரே தகுதிக்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. இது நம் டிப்போக்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

குடும்ப நல நிதி கொஞ்சம் சிக்கலானது. மாதம் 100 வீதம் 16 வருஷம் என்றால் 19,200 ரூபாய், உங்கள் ஒருவருடையது மட்டும். சங்க விதிகளிலேயே இந்த நிதி இருந்தால் அது சங்கக் கணக்கின் பகுதி, தணிக்கைக்கு வந்தே தீர வேண்டும். விதிகளில் இல்லாமல் கிளையில் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்ததென்றால், பணத்தை வாங்கி வைத்தவர்கள் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கிறார்கள், சொந்தச் செலவுக்கு எடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இ.பி.கோ.வின் இடத்தில் வந்த குற்றவியல் சட்டம்) 316ஆவது பிரிவு, அதாவது நம்பிக்கை மோசடி. ஆனால் இப்போதே காவல் நிலையத்துக்கு ஓடாதீர்கள். 'கணக்குக் கேட்டு எழுதினீர்களா, என்ன பதில்?' என்றுதான் முதலில் கேட்பார்கள், உங்கள் கையில் இன்று ஒன்றுமில்லை. கடிதம் போய், பதில் வராமல் போய், ஆண்டறிக்கையும் கைக்கு வந்த பிறகு, பணம் கிடைக்காத அந்த ஓய்வு பெற்ற ஓட்டுநரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உண்மையில் அவருடைய புகார்தான் உங்களுடையதைவிட வலுவானது. உங்கள் அட்டையில் ஒவ்வொரு கட்டத்திலும் யார் கையெழுத்து என்று பாருங்கள். போட்டோவில் 2014 வரை ஒரு கையெழுத்து, அப்புறம் வேறொன்று, 2021க்குப் பிறகு வெறும் டிக் மார்க். அந்த டிக் மார்க் மாதங்களுக்கு உங்களோடு கட்டிய இன்னும் நாலைந்து பேரின் அட்டைகளையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

'சுருட்டிட்டாங்க' என்று எழுதியது தேவையில்லாத வேலை, அண்ணா. 'கணக்கைக் காட்டுங்கள்' என்று ஆயிரம் தடவை கேட்டாலும் அவதூறு ஆகாது, திருடன் என்று நிரூபிக்காமல் சொன்னால் ஆகலாம். அந்த மெசேஜை அழிக்க வேண்டாம், அதற்கு மேல் எழுதவும் வேண்டாம். செயலாளர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் பதில் கொடுக்கலாம், அதுவரை அந்த மிரட்டலை மனதில் வைத்துத் தூக்கம் கெடுக்காதீர்கள்.

இடமாற்றம் தான் உங்களுக்கு வலிக்கிறது, புரிகிறது. கெட்ட நோக்கத்தோடு இடமாற்றுவது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் சங்கச் செயலாளர் சொல்லித்தான் நிர்வாகம் மாற்றியது என்பதை நிரூபிப்பது சுலபமில்லை. அதோடு, வேலையிலிருந்து நீக்கினால் தனியாளாகவே வழக்காடலாம், இடமாற்றத்துக்கு ஒரு சங்கமோ கணிசமான தொழிலாளர்களோ பின்னால் நிற்க வேண்டும். அதனால் ஆர்டரை வாங்கி, எதிர்ப்பை எழுதிக் கொடுத்துவிட்டு, போய் ட்யூட்டியில் சேருங்கள். கோபத்தில் லீவ் போட்டு வீட்டில் உட்கார்ந்தால் அனுமதியில்லாமல் வராதவர் என்று சார்ஜ் மெமோ வரும், 22 வருஷ சர்வீஸ் அதில் மாட்டிக்கொள்ளும். சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட், அதாவது அந்த ஆர்டரை எதிர்த்து நேரடியாக மனு, போட வழி இருக்கிறது, அதை ட்யூட்டியில் இருந்துகொண்டே போடலாம்.

வேறு சங்கத்துக்குப் போவதைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் அப்பா ஏற்காடு மலைப்பாதையில் பல வருஷம் பஸ் ஓட்டியவர். 20 கொண்டை ஊசி வளைவு, அதில் ஒன்றில் எதிரே வந்த வண்டிக்கு வழிவிடப் போய் தடுப்புச் சுவரில் உரசி, சஸ்பெண்ட் ஆகி வீட்டில் உட்கார்ந்திருந்த ராத்திரி, சங்கத்துக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அம்மா கொடுத்த டீயைக்கூட எழுதி முடித்த பிறகுதான் குடித்தார், ஆறிப்போயிருந்தது. அதனால் சங்கமே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. இப்போது வேறொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. புதிய தொகுப்பின்படி 51 சதவீத உறுப்பினர் உள்ள சங்கம்தான் நிர்வாகத்தோடு பேச ஒரே சங்கம். அது யாருக்கும் இல்லையென்றால் 20 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருக்கிற சங்கங்கள் சேர்ந்த குழு. உறுப்பினர் எண்ணிக்கை காட்ட வேண்டிய நாளில் உங்கள் பெயரும் அந்தப் பட்டியலில் வேண்டும் என்பது செயலாளருக்கும் தெரியும். பேரவையைக் கூட்டு என்று கேட்க உங்கள் விதிகளில் எத்தனை பேர் கையெழுத்து வேண்டும் என்று இருக்கும், விதிகள் கைக்கு வந்ததும் அந்த எண்ணிக்கையைப் பாருங்கள். ரெஸ்ட் ரூமில் ட்யூட்டி மாறுகிற நேரத்தில் ஒவ்வொருவராகப் பேசினாலே அத்தனை கையெழுத்து சேர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த ரசீதைத் தேடுங்கள், பதிவு எண் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். ஆர்டிஐ மனுவையும் கடிதத்தையும் நானே பார்த்துத் திருத்தித் தருகிறேன். அட்டையை மட்டும் யார் கேட்டாலும், 'வரவு போட்டுத் தருகிறேன்' என்று சொன்னாலும், கையிலிருந்து கொடுத்துவிடாதீர்கள்.