டேக்ல 'எத்திக்கல்'னு போட்டா நம்பலாமா?

கேள்வி: ஒரு டி-ஷர்ட் 1,400 ரூபா சொல்றாங்க, கேட்டா 'எத்திக்கல் பிராண்டு'ங்கறாங்க. நிஜமா, இல்ல பேர வச்சு காசு புடுங்குறாங்களா? - வாசகி, ஈரோடு

பதில்: ரெண்டும் நடக்குதுங்க. 'எத்திக்கல்' (தொழிலாளியையும் இயற்கையையும் சுரண்டாம செஞ்சது), 'ஈக்கோ'ன்னு யாரு வேணும்னாலும் அச்சடிச்சுக்கலாம், அதனால காலர் உள்ள இருக்கற லேபிளப் பாருங்க, ஜிஓடிஎஸ் (ஆர்கானிக் துணிக்கான உலகளாவிய தரச்சான்று) முத்திரை இருந்தா சர்டிஃபிகேட் குடுத்த கம்பெனி பேரும் லைசென்ஸ் நம்பரும் கூடவே இருக்கணும், அத ஜிஓடிஎஸ் வெப்சைட்லயே போட்டு செக் பண்ணிக்கலாம். அதுலயும் 'ஆர்கானிக்'னா குறைஞ்சது 95 சதவீதம் ஆர்கானிக் நூல், 'மேட் வித் ஆர்கானிக்'னா 70 இருந்தாலே போதும். விலை பேசறப்ப ஞாபகம் இருக்கட்டும்!

ஆனா பெரிய தலைவலி சாயம்தான். உங்க பக்கத்து திருப்பூர்லயே நொய்யல் ஆறு நாசமாகி, ஒரத்துப்பாளையம் டேம்ல சாயத்தண்ணி தேங்கி, விவசாயிங்க கோர்ட்டுக்குப் போயி, 2011ல ஹைகோர்ட் சாயப்பட்டறைகள மூடவே சொல்லிருச்சு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளிய போகக்கூடாதுன்னு. அப்படி சுத்திகரிக்கற செலவு துணி விலைல ஏறத்தான் செய்யும், அது நியாயம்.

தச்சவங்களுக்கு என்ன சம்பளம்ங்கறது பெரும்பாலும் டேக்ல இருக்காது. எந்த ஃபேக்டரில தச்சதுன்னு பிராண்டுக்கு ஒரு மெயில் போடுங்க, மழுப்புனா 1,400 ரூபாய பர்ஸ்லயே வச்சுக்கோங்க.