தெருவுல 9 பேருக்கு வாந்தி பேதி, நெட்ல எங்க சொல்றது?

பெங்களூர் ஸ்ரீராமபுரத்துல இருந்து ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "டாக்டர், எங்க தெருவுல நாலே நாள்ல 9 பேருக்கு வாந்தி பேதி, வாட்ஸ்அப் குரூப்ல காலரா காலரான்னு பரப்புறாங்க, இத நெட்ல ரிப்போர்ட் பண்ண வழி இருக்கா, நாங்க சொன்னா யாராவது கண்டுக்குவாங்களா?"

கண்டுக்குவாங்கம்மா. உலகத்துல எங்க நோய் பரவுனாலும் தகவல் பகிர்ந்துக்கிற புரோமெட்ங்கிற இணைய சேவைல 2003 பிப்ரவரி 10ஆம் தேதி ஒரு சின்ன கேள்வி வந்துச்சு, சீனாவுல குவாங்சோ ஊர்ல ஆஸ்பத்திரிய மூடிட்டாங்களாம் ஜனங்க சாகுறாங்களாம் உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமான்னு, அவ்ளோதான், அதுல நோய் பேரே கிடையாது. மறுநாளே சீனா 305 பேருக்கு நோய், 5 பேர் சாவுன்னு சொல்லுச்சு. அதுதான் சார்ஸ்ங்கிற நுரையீரல் தொற்று நோய். இப்படி வர்ற தகவலையும் உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கிட்டு அந்த நாட்டு அரசாங்கத்துகிட்ட விசாரிக்கலாம்னு 2005 சர்வதேச சுகாதார விதிகள்லயே இருக்கு.

அதனால நீங்க காலரான்னு எழுதாதீங்க, அத லேப் சொல்லட்டும். எந்தத் தெரு, முதல் ஆளுக்கு என்னைக்கு ஆரம்பிச்சுது, எத்தன பேரு, என்ன வயசு, பேதி அரிசி கழுவின தண்ணி மாதிரி போகுதா, குடிக்கிற தண்ணி போர்வெல்லா டேங்கரா குழாயா, இத மட்டும் எழுதுங்க. எல்லாருக்கும் ஒரே குழாய் தண்ணின்னா அந்த ஒரு வரி போதும், எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அது தங்கம். யார் பேரையும் போட்டோவையும் போடாதீங்க, பாவம், அந்த வீட்டு ஆளுங்கள தெருவே ஒதுக்கி வச்சிரும்.

எங்க போடுறதுன்னா, நோய் பரவுறதக் கண்காணிக்கிற மத்திய அரசோட ஐஎச்ஐபி (IHIP) இணையதளத்துல பொதுமக்களே தகவல் குடுக்க ஒரு ஃபார்ம் இருக்கு, மொதல்ல அது. புரோமெட்டுக்கும் அனுப்பலாம், அங்க நிபுணர்கள் பாத்துட்டுத்தான் வெளியிடுவாங்க, ஆனா அது உலகத்துக்குச் சொல்றது, உங்க தெரு குழாய்க்கு உடனே ஆள் வராது. அதனால ஃபார்ம் போட்ட கையோட ஏரியா ஆரம்ப சுகாதார மையத்துக்கு நேர்ல போய் சொல்லுங்க, தண்ணி வாரியத்துக்கு 1916ல புகார் குடுங்க. இன்னொண்ணு, ஆன்டிபயாடிக் போடுறதுக்கு முன்னாடியே மல சாம்பிள் எடுக்கச் சொல்லுங்க, மாத்திரை உள்ள போயிட்டா கிருமி சிக்காம போயிடலாம்.

பதில் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, ஓஆர்எஸ்ஸ இப்பவே ஆரம்பிங்க, தண்ணிய நல்லா கொதிக்க வச்சுக் குடிங்க, கண்ணு உள்ள போயி ஒண்ணுக்குப் போறது நின்னுட்டா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்கம்மா.