பாம்பன்: அப்பா ராத்திரி கடலுக்குக் கொண்டுபோக தலையில மாட்டுற ஹெட்லைட், ஆன்லைன்ல போட்டிருக்குற 4.5 ஸ்டாரை நம்பலாமா?

அந்த 4.5-ஐ மட்டும் பார்த்து வாங்காதீங்க. 2, 3 ஸ்டார் கொடுத்தவங்க எழுதினதைப் படிங்க, புதுசு முதல்ல வர்ற மாதிரி வச்சுக்கிட்டு.

"சூப்பர், சீக்கிரம் வந்துச்சு"ங்கிறவங்க பெட்டியைப் பிரிச்ச கையோட எழுதுறவங்க. நம்ம உப்புக்காத்து வேலையைக் காட்ட ரெண்டு மாசமாவது ஆகும்ல! என் லைட்டுல முதல்ல போனது பல்பு இல்ல. பேட்டரி மூடிக்குள்ள இருக்குற சின்னத் தகடு. பச்சை பூத்துப் போச்சு.

விமர்சனங்களுக்குள்ள 'ரஸ்ட்'னு இங்கிலீஷ்ல தேடிப் பாருங்க. படம் போட்டவர் கையில இருக்குறது நீங்க பார்க்குற மாடல்தானான்னும் கவனிங்க. சில நேரம் வேற மாடலுக்கு வந்த விமர்சனமும் அதே பக்கத்துல கலந்து கிடக்கும்.

ஐபி67னு (தூசி, தண்ணி உள்ள போகாம எவ்வளவு தாங்கும்னு சொல்ற குறியீடு) போட்டிருந்தா 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் தாங்கும், அதுவும் நல்ல தண்ணியில. கடல் தண்ணிக்கு அந்தக் கணக்கு செல்லாது.