தண்ணீரில் நின்றும் பூ ஏன் வாடுகிறது?

கேள்வி: ரோஜாவை ஜாடியில் வைத்த மறுநாளே தலை தொங்கிவிட்டது. தண்ணீர் நிறைய இருக்கிறது, அப்புறம் ஏன்?

தண்ணீர் இருக்கிறது, ஆனால் மேலே ஏறவில்லை. காம்புக்குள் மயிரிழை போன்ற குழாய்கள் ஓடுகின்றன. வெட்டிய காம்பு கொஞ்ச நேரம் வெளியில் கிடந்தாலே அவற்றில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். தலை தொங்குவது பெரும்பாலும் தாகத்தால்தான்.

உடனே கவனித்தால் காப்பாற்றலாம். அடியில் இரண்டு மூன்று செ.மீ. வெட்டி எறியுங்கள். தலை நிமிர்ந்திருக்கும்படி பூவையும் காம்பையும் செய்தித்தாளில் சுற்றி, ஆழமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கழுத்துவரை நனையும்படி நிறுத்துங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் போகட்டும். தாளைப் பிரிக்கும்போது, துவண்டு கிடந்த கழுத்து விரலுக்கு விறைப்பாகத் தட்டுப்படும். எத்தனை முறை செய்தாலும் அந்த நொடி எனக்குச் சந்தோஷம்தான். இதழ்களே கருகிப்போயிருந்தால் மட்டும் திரும்பாது.

கேள்வி: எதனால் வெட்டுவது? சாய்வாகத்தான் வெட்ட வேண்டுமா?

கூரான கத்தி நல்லது. மழுங்கிய கத்தரிக்கோல் காம்பை நசுக்கிவிடும், குழாயும் சேர்ந்து நசுங்கும். சாய்வாக வெட்டினால் காம்பின் வாய் ஜாடியின் அடியில் அப்பிக்கொள்ளாது. கெட்டியான காம்பைச் சுத்தியலால் தட்டச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: இரண்டே நாளில் தண்ணீர் நாறுகிறது. சர்க்கரை போட்டால் சரியாகுமா?

சர்க்கரை மட்டும் போட்டால் இன்னும் மோசமாகும். காம்பை வெளியே எடுத்து அடியைத் தடவிப் பாருங்கள், வழுவழுவென்று இருக்கும். அது பாக்டீரியா. குழாயை அடைப்பதும் அதுதான். சர்க்கரை பூவுக்கு மட்டுமல்ல, அதற்கும் சாப்பாடு.

அதனால் சர்க்கரையோடு கிருமியைத் தடுக்க ஒன்றும் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி வாசனை சேர்க்காத பிளீச் (துணி வெளுக்கும் திரவம்). சாற்றையும் பிளீச்சையும் நேரடியாக ஒன்றாக ஊற்றவே கூடாது, நச்சு வாயு வரும். முதலில் சாற்றைத் தண்ணீரில் கலக்கி, பிளீச்சைக் கடைசியில் சேருங்கள். புளிப்பேறிய தண்ணீர் காம்பில் எளிதாக ஏறும்.

இதைவிட முக்கியம், தண்ணீருக்குள் ஒரு இலைகூட இருக்கக் கூடாது. அழுகுவது அங்கேதான் தொடங்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, காம்பின் நுனியை மறுபடி கொஞ்சம் வெட்டுங்கள்.

கேள்வி: செப்புக் காசு, ஆஸ்பிரின் போடலாமா?

நான் போடுவதில்லை. அந்த நேரத்தில் ஜாடியைக் கழுவிவிடலாம்.

கேள்வி: சாப்பாட்டு மேசையில் பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். கார்னேஷன் மட்டும் சீக்கிரம் சுருங்குகிறது.

தட்டை நகர்த்துங்கள். பழுக்கும் வாழைப்பழமும் ஆப்பிளும் எத்திலீன் என்ற வாயுவை விடும், கார்னேஷனுக்கு அது ஆகவே ஆகாது. இரவில் பூவை ஃபிரிட்ஜில் வைப்பதாக இருந்தாலும் பழம் இல்லாத இடத்தில்தான் வைக்க வேண்டும்.

கேள்வி: ஜெர்பெராவின் காம்பு அடியில் கொழகொழவென்று ஆகிவிடுகிறது.

ஜாடியை நிரப்பிவிட்டீர்கள். அதன் காம்பில் பூனைமயிர் போல ரோமம் உண்டு, ஆழத்தில் நின்றால் அழுகிவிடும். நான்கைந்து செ.மீ. தண்ணீர் போதும். தினமும் அளவைப் பாருங்கள். ஹைட்ரேஞ்சியா இதற்கு நேர்மாறு: வாடினால் பூந்தலையையே அரை மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்தலாம், இதழ் வழியாகவும் குடிக்கும்.

கேள்வி: லில்லியின் மகரந்தம் துணியில் கறையாகிறது.

மொட்டு விரிந்ததும், பொடி உதிரும் முன்பே மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடுங்கள். கறை பட்டால் தேய்க்காமல் ஒட்டுநாடாவால் ஒற்றி எடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் லில்லியே வேண்டாம். மகரந்தம், இலை, ஜாடித் தண்ணீர் எல்லாமே அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூனை நக்கிவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.