புளியங்கொட்டையும் நாலு கோடு நோட்டும்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு நான்கு வயது முடிந்திருக்கிறது. வீட்டுக்கு அருகிலுள்ள சிறிய பள்ளி ஒன்றில் எல்.கே.ஜி. படிக்கிறாள். அங்கே மணல், மரக்கட்டை, கதை, பாட்டு என்றே நாள் போகிறது, வீட்டுப்பாடம் கிடையாது. எதிர் வீட்டுப் பையன் வேறொரு பள்ளியில் படிக்கிறான். நாலு கோடு நோட்டில் ஆங்கில எழுத்துகள் முழுவதையும் எழுதுகிறான். "காசு கட்டி விளையாடவா அனுப்புகிறாய்?" என்று என் மாமியார் தினமும் கேட்கிறார். சென்ற வாரம் மகளை உட்கார வைத்து எழுதப் பழக்கினேன். பென்சிலை வீசிவிட்டு அழுதாள். வரும் ஜூனில் பள்ளியை மாற்றிவிடலாமா? விளையாட்டில் அவள் என்னதான் கற்றுக்கொள்கிறாள்?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை கிடைத்தால் மற்றதை நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

என் பேத்திக்கு நான்கு வயதானபோது அவளுடன் பல்லாங்குழி ஆடத் தொடங்கினேன். அப்போதே நூறு வரை தடங்கலின்றி ஒப்பிப்பாள். ஆனால் குழிக்கு ஒரு புளியங்கொட்டையாகப் போட்டுக்கொண்டு போகும்போது ஒரு குழியில் இரண்டு விழும், அடுத்தது வெறுமையாக நிற்கும். கையிலிருந்த ஐந்தும் நான்காவது குழியிலேயே தீர்ந்துவிட, ஒன்று தொலைந்துபோனதாக நினைத்துப் பாயைத் தூக்கித் தேடினாள். நான் திருத்தவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் ஆடிய பிறகு ஒருநாள், கொட்டையைப் போடும் முன்பே குழிகளை விரலால் தொட்டுக்கொண்டே போய், "இதோட தீந்துரும் தாத்தா" என்றாள். ஐந்து என்பது ஓர் அளவு என்று அன்றுதான் அவளுக்குப் பிடிபட்டது. அதுவரை நூறும் அவளுக்கு ஒரு பாட்டாகவே இருந்திருக்கிறது.

எழுத்துக்கும் இதே கதைதான். சொப்பு வைத்து விளையாடும் குழந்தைக்கு மணல் சோறாகிறது, வேப்பிலை ரூபாய் நோட்டாகிறது. ஒரு பொருள் தன்னைவிட வேறான ஒன்றுக்காக நிற்க முடியும் என்பதை அவள் அங்கே பழகுகிறாள். 'அ' என்ற வளைகோடு ஓர் ஒலிக்காக நிற்கிறது என்பதை ஏற்கும் மனம் அந்தப் பழக்கத்திலிருந்து உருவாவதுதான். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933-இல் ஆற்றிய உரையொன்றில், குச்சியைக் குதிரையாக்கி ஓடும் குழந்தையைக் காட்டி இதைத்தான் விளக்கினார். விளையாட்டில் குழந்தை தன் விருப்பத்தை அடக்கி விதிக்குக் கட்டுப்படுகிறது என்றும் அவர் சொன்னார். அவர் வழியில் வந்த மனுய்லென்கோ 1948-இல் வெளியிட்ட ஆய்வில், அசையாமல் நில் என்று வெறுமனே சொன்னபோது நின்றதைவிட, காவல்காரனாக நடித்தபோது குழந்தைகள் வெகுநேரம் அசையாமல் நின்றார்கள். வகுப்பில் பொறுமையாக உட்கார வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோமே, அந்தப் பொறுமை விளையும் இடம் இதுதான்.

உங்கள் மகள் பென்சிலை வீசியதைப் பிடிவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளில் பல, நான்கு வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். விரல்களின் பிடியும் உறுதிப்பட்டிருக்காது. மாவு பிசைவதும், மணல் அள்ளுவதும், பூத்தொடுக்கும் பாட்டியின் அருகில் உட்கார்ந்து நூலை இழுத்துப் பார்ப்பதும்தான் அந்த விரல்களை எழுத்துக்குத் தயார் செய்கின்றன. எதிர் வீட்டுப் பையன் எழுதுவதை நான் குறை சொல்ல மாட்டேன். சில குழந்தைகளுக்கு அது சீக்கிரமே இயல்பாக வரும். வராத குழந்தையை வற்புறுத்தும்போது எழுத்தின் மீதே வெறுப்பு வந்துவிடுகிறது என்பதுதான் என் கவலை. 3 வயது முதல் 8 வயது வரையிலான கல்வி விளையாட்டின் வழியே அமைய வேண்டும் என்று 2022-இல் வெளியான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் சொல்கிறது. ஆகவே உங்கள் பள்ளி செய்வது சோம்பேறித்தனம் ஆகாது.

ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை ஓர் அறையில் விட்டுத் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, அதையும் விளையாட்டுமுறைக் கல்வி என்று சொல்லும் இடங்கள் உண்டு. ஒருநாள் காலை பள்ளியில் அரைமணி நேரம் இருந்து பாருங்கள். மகள் கட்டைகளை அடுக்கும்போது ஆசிரியை அருகில் வந்து உட்காருகிறாரா, "இது ஏன் சாய்கிறது?" என்பதுபோல் எதையாவது கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருக்கிறாரா என்று கவனியுங்கள். காத்திருக்கிறார் என்றால் பள்ளியை மாற்றாதீர்கள்.

உங்கள் மாமியாருக்குப் பல்லாங்குழி தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். மாலையில் கொஞ்ச நேரம் பேத்தியோடு ஆடச் சொல்லுங்கள். குழந்தை தவறாகப் போடும்போது மட்டும் அவர் திருத்தாமல் இருக்க வேண்டும். வீட்டில் அவளைவிடச் சிறிய குழந்தை இருந்தால், ஆட்டம் முடிந்ததும் கொட்டைகளை எண்ணி டப்பாவில் போட்டு உயரத்தில் வைத்துவிடுங்கள். எண்ணும் வேலையை உங்கள் மகளிடமே கொடுக்கலாம்.

அன்புடன்.